நிவாரணம் கடந்து வந்த கைகள்: 2021 கொரோனா உதவித்தொகையும் நியாயவிலைக் கடைப் பணியாளர்களும்

2021 மே 7 அன்று தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் முதன்மையானது, அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம் வழங்கும் ஆணை. அதன் முதல் தவணையான 2,000 ரூபாயை மே மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என முடிவாயிற்று. பயன்பெறும் குடும்பங்கள் சுமார் 2 கோடியே 7 லட்சம். முதல் தவணைக்கு மட்டும் ஆன செலவு 4,153 கோடி ரூபாய்க்கு மேல். ஆவின் பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு, நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகிய ஆணைகளும் அதே நாளில் வந்தவையே. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. மே 10 முதல் முழு ஊரடங்கு தொடங்கியதால் கூலி வேலைக்குப் போகிறவர்கள், தள்ளுவண்டி வைத்திருந்தவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள் என அன்றன்றைய வருமானத்தில் அடுப்பெரித்த குடும்பங்கள் அனைத்தும் ஒரே நாளில் வருமானத்தை இழந்தன. அப்போது சமையல் எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த 2,000 ரூபாய் பல வீடுகளில் பத்துப் பதினைந்து நாள் மளிகையாகவும் மருந்தாகவும் மாறியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தத் திட்டத்தின் பயனைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பணம் அரசாணையிலிருந்து அட்டைதாரர் கைக்கு எந்த வழியாக, யார் கை கடந்து வந்தது, அந்தக் கைகளை அரசும் நாமும் எப்படி நடத்தினோம் என்பதையே இங்கு ஆராய்கிறேன். விலைவாசிச் சுமையைக் குறைக்க அரசு தரும் உதவியும், அதைக் கொண்டுசேர்க்கும் முன்களப் பணியாளருக்குரிய மரியாதையும் ஒரே கோப்பில் இருக்க வேண்டியவை. நம் நாட்டில் முதலாவது நிதித்துறையின் கணக்காகவும் இரண்டாவது மேடைப்பேச்சாகவும் பிரிந்து கிடக்கின்றன என்பதே என் வாதம்.

கடைக்குள் நடந்தது

பணத்தை நேராக வங்கிக் கணக்கில் செலுத்தியிருக்கலாமே என்று அப்போதே பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் குடும்ப அட்டை ஏறத்தாழ எல்லா ஏழை வீட்டிலும் இருக்கிறது. அந்த அட்டையோடு சரியாக இணைக்கப்பட்டு, தடையின்றி இயங்கும் வங்கிக் கணக்கு எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி வங்கி பிடித்துக்கொள்ளும் அபாயமும் இருந்தது. ஊரடங்கு நேரத்தில் பணம் எடுக்க வங்கிக்கோ ஏ.டி.எம்முக்கோ போவதைவிட, தெருவிலேயே இருக்கும் நியாயவிலைக் கடைக்குப் போவது எளிது. அவசர காலத்துக்கு இது சரியான தேர்வு என்றே இன்றும் கருதுகிறேன். அந்தத் தேர்வின் சுமை முழுவதும் யார் தோளில் இறங்கியது என்பதை மட்டும் யாரும் கணக்கிடவில்லை.

ஏற்பாடு இதுதான். மே 10 முதல் கடைப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, எந்த நாள், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று குறித்த டோக்கன்களைக் கொடுக்க வேண்டும். மே 15 முதல் காலை 8 மணியிலிருந்து நண்பகல் 12 மணி வரை, நாளொன்றுக்கு 200 அட்டைதாரர்கள் வீதம் பணம் வழங்க வேண்டும். எண்கள் காகிதத்தில் எளிமையாகத் தெரிகின்றன. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். அதில் 200 பேர் என்றால் ஒருவருக்கு 72 விநாடி. அந்த 72 விநாடிக்குள் டோக்கனை வாங்கிப் பார்க்க வேண்டும், அட்டையை விற்பனை முனையக் கருவியில் ஸ்கேன் செய்ய வேண்டும், சர்வர் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவரைப் போடச் சொல்ல வேண்டும், வரிசையில் நெருங்கி நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். ஒருவருடைய அட்டையில் சிக்கல் வந்தால் பின்னால் நிற்கும் பத்துப் பேர் நேரமும் போய்விடும்.

பணத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 200 பேருக்குத் தலா 2,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 4 லட்சம் ரூபாய் ரொக்கம். வங்கியில் அவ்வளவு பணத்தைக் கையாளும் காசாளருக்குக் கண்ணாடித் தடுப்பும், நோட்டு எண்ணும் இயந்திரமும், வாசலில் காவலரும் உண்டு. நியாயவிலைக் கடையில் ஒரு மேசை, ஒரு மரப்பெட்டி, பாதி இறக்கிய ஷட்டர், அரிசி மூட்டைகளுக்கு இடையில் ஒரு நாற்காலி. எண்ணிக்கையில் ஒரு நோட்டு கூடிப் போனாலும் கள்ள நோட்டு ஒன்று கலந்துவிட்டாலும் அந்த இழப்பை மாலையில் ஈடுகட்ட வேண்டியவர் விற்பனையாளர்தான். அவருடைய சம்பளம் என்ன? 2020-ஆம் ஆண்டு மாவட்ட ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளின்படி, புதிதாகச் சேரும் விற்பனையாளருக்கு முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பொருள்களை எடைபோட்டுக் கொடுக்கும் கட்டுநருக்கு 4,250 ரூபாய். அதன் பிறகே காலமுறை ஊதியம். நாளொன்றுக்கு 4 லட்சம் ரூபாயைத் தொற்று பரவும் வரிசையில் நின்று எண்ணிக் கொடுத்தவர்களில் சிலர், மாதம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

ஜூன் மாதத்தில் இரண்டாம் தவணை 2,000 ரூபாயோடு 14 வகை மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பும் சேர்ந்தது. கோதுமை மாவு, ரவை, உப்பு, சர்க்கரை, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள், குளியல் சோப்பு, துணி சோப்பு எனப் பட்டியல் நீள்கிறது. வாங்கியவர்களுக்கு அது பேருதவி. லாரியிலிருந்து அதை இறக்கி, எண்ணி, அடுக்கி, பத்துக்குப் பத்து அடி அறையில் ஏற்கெனவே இருந்த அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் ஆகியவற்றுக்கு நடுவே இடம் கண்டுபிடித்தவர்களுக்கு அது இன்னொரு மாதத்தின் வேலை. முன்னுரிமை அட்டைகளுக்கு ஒன்றிய அரசு தந்த கூடுதல் அரிசியும் அந்த மாதங்களில்தான் வந்தது. கட்டுநர் இல்லாத கடைகளில் விற்பனையாளரே எடைபோட்டார். ஒரே விற்பனையாளர் இரண்டு கடைகளைப் பார்த்த ஊர்களும் இருந்தன.

கோபம் எங்கிருந்து வந்தது

நியாயவிலைக் கடை வாசலில் நடக்கும் சண்டைகளைக் கொஞ்சம் நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் விற்பனையாளரின் அதிகாரத்துக்குள் இல்லாத ஒன்று. நிவாரணம் அரிசி அட்டைகளுக்கு மட்டும் என்பது அரசின் முடிவு. சர்க்கரை மட்டும் வாங்கும் அட்டையும், எப்பொருளும் வாங்காத அட்டையும் வைத்திருந்த குடும்பங்களில் ஊரடங்கால் வேலை இழந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு முதலமைச்சரையும் தெரியாது, வட்ட வழங்கல் அலுவலரையும் தெரியாது; கடைக்குள் இருக்கும் மனிதரை மட்டும்தான் தெரியும்.

“பக்கத்து வீட்டுக்குக் குடுத்திருக்கீங்க, எனக்கு ஏன் தம்பி இல்லைங்கிறீங்க?” என்று கேட்கும் அம்மாவுக்கு, “அம்மா, உங்களது சர்க்கரைக் கார்டும்மா, லிஸ்ட்லயே பேர் வரல, நான் என்ன பண்ணட்டும்?” என்பதைத் தவிர அவரால் சொல்ல முடிந்தது வேறொன்றும் இல்லை. இதே பதிலை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை சொல்லும்போது குரலில் எரிச்சல் ஏறுகிறது. அந்த எரிச்சல் எதிரில் நிற்பவருக்கு அவமதிப்பாகப் படுகிறது. அங்கிருந்து வசைச்சொல், அதற்குப் பதில் வசைச்சொல், செல்போன் வீடியோ, மேலதிகாரியின் விளக்கக் கடிதம் என்று அது வளர்கிறது. சர்வர் நின்றுபோவது, குடும்பத் தலைவர் இறந்தபின் அட்டை மாற்றப்படாமல் இருப்பது, வாடகைக்கு வீடு மாறியவரின் அட்டை பழைய கடையிலேயே இருப்பது, துவரம்பருப்பு இன்னும் வந்துசேராதது என எல்லாவற்றுக்கும் முகம் அவர்தான்.

மக்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எடைக் குறைவும், “ஸ்டாக் இல்லை, நாளைக்கு வா” என்ற பதிலும், அரிசி வெளியே போவதும், வாங்காத பொருளுக்கு வாங்கியதாகச் செல்போனில் குறுஞ்செய்தி வருவதும் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த குறைகள். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அவநம்பிக்கை அது. ஒரு நிவாரணத் தொகையால் கரைந்துவிடாது. ஆனால் அந்தக் குறைகளில் ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து கடைக்கு வரும் 50 கிலோ மூட்டைகளில் எடை குறைகிறது, கோணியின் எடையையும் அரிசிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள் என்பது பணியாளர் சங்கங்களின் நெடுநாள் புகார். கடையில் எடைபோட்டு ஒப்படைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரும்போதே குறைந்து வந்த இருப்புக்கு ஆய்வின்போது அபராதம் கட்டுகிறவர் விற்பனையாளர். குறைந்ததை அவர் எங்கே சரிக்கட்டுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, அட்டைதாரரின் தட்டில்தான். இப்படிக் கீழ்த்தட்டில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் திருடர் என்று ஏசிக்கொள்ள, எடை குறைந்த இடம் இருவரின் பார்வைக்கும் எட்டாமல் இருக்கிறது. இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

யார் முன்களப் பணியாளர்?

அந்த ஆண்டு அதிகமாகப் புழங்கிய சொற்களில் ஒன்று ‘முன்களப் பணியாளர்’. அது வெறும் புகழ்ச்சிச் சொல்லாக இல்லை. தடுப்பூசி முன்னுரிமை, ஊக்கத்தொகை, இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு எனக் கையில் கிடைக்கும் உரிமைகள் அதைச் சார்ந்திருந்தன. 2021 பிப்ரவரியில் தொடங்கிய முன்களப் பணியாளர் தடுப்பூசிக்கு ஒன்றிய அரசு வகுத்த பட்டியலில் காவல்துறை, ஆயுதப்படை, ஊர்க்காவல், சிறை, பேரிடர் மேலாண்மை, நகராட்சி, வருவாய்த் துறையினர் இருந்தனர். 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு சுகாதாரப் பணியாளர்களுக்கானது. மாநிலத்தில் 2021 மே மாதம், மூன்று மாதங்களுக்கு மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, பிற மருத்துவப் பணியாளர்களுக்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது; கொரோனாவால் இறந்த 43 மருத்துவர்களின் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர் வரையிலான 1,17,184 காவலர்களுக்குத் தலா 5,000 ரூபாய் கிடைத்தது. பத்திரிகையாளர்களும் முன்களப் பணியாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். இவை அனைத்தும் தகுதியுடையவர்களுக்குக் கிடைத்த தகுதியான அங்கீகாரங்கள். ஒன்றைக்கூடக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே மே மாதத்தில், ஊரடங்கிலும் கடை திறந்து, வீடு வீடாக டோக்கன் கொடுத்து, நாளொன்றுக்கு 200 பேரை முகத்துக்கு முகம் சந்தித்தவர்கள், தங்களையும் முன்களப் பணியாளராக அறிவிக்க வேண்டும் என்று மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் கூட்டுறவுச் சங்கங்களின் ஊழியர்கள். அரசு ஊழியர்கள் அல்லர். அரசின் பணத்தை வழங்கும்போது அவர்கள் அரசின் முகம். சம்பளம், காப்பீடு, இழப்பீடு என்று வரும்போது ‘அது சங்கத்தின் நிதிநிலையைப் பொறுத்தது’ என்ற பதில். இந்த இரட்டை நிலையை நிர்வாக வசதி என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. பணம் எண்ணுவதற்கு அரசின் ஆள் என்றால், நோய்வாய்ப்பட்டுப் படுத்தாலும் அவர் அரசின் ஆள்தான்.

இது ஒரு கட்சி ஆட்சியின் குறை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி அரசு அறிவித்த 3,280 கோடி ரூபாய்த் தொகுப்பின்படி, அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் அந்த ஏப்ரலில் வழங்கப்பட்டபோதும், வைரஸைப் பற்றி யாருக்கும் தெளிவில்லாத அந்த நாள்களில், கூட்டத்தைச் சமாளித்தவர்கள் இவர்களே.

அதன் பிறகும் அதே வழி

2021-இல் கற்றிருக்க வேண்டியதை நாம் கற்றோமா என்பதைப் பின்வந்த திட்டங்களில் பார்க்கலாம். 2022 பொங்கலுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பு வழங்கப்பட்டது. வெல்லம் உருகி வழிந்தது, பொருள்கள் தரமில்லை என்ற புகார்கள் மாநிலம் முழுவதும் எழுந்தன. கொள்முதல் செய்தது கடைக்காரர் அல்ல. ஆனால் உருகிய வெல்லத்தை மேசைமீது திருப்பி வைத்துவிட்டு மக்கள் கேட்ட கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னவர் அவர்தான். பொங்கல் பரிசு வழங்கும் பணிக்காக அட்டை ஒன்றுக்கு 50 பைசா என்ற கணக்கில் ஊக்கத்தொகை கொடுக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. ஆயிரம் அட்டை உள்ள கடைக்கு 500 ரூபாய். கரும்புக் கட்டுகளை இறக்கியவருக்கு அந்தத் தொகை ஒரு நாள் கூலிகூட ஆகாது.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை நேரே வங்கிக் கணக்கில் செலுத்தியது. ரொக்கம் எண்ணும் சுமையும் கடை வாசல் நெரிசலும் இதனால் நீங்கின. மாதாமாதம் தரும் உதவிக்கு இதுவே தகுந்த வழி. ஆனாலும் விண்ணப்பத்தையும் டோக்கனையும் வீடு வீடாகக் கொண்டுசென்றவர்கள் நியாயவிலைக் கடைப் பணியாளர்களே. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் நிவாரணமாகச் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் வழங்க முடிவானபோது, பணம் மறுபடியும் ரொக்கமாகக் கடைக்கே வந்தது. நூறு பேருக்குக் கொடுத்தாலே 6 லட்சம் ரூபாய். வெள்ளம் வடிந்த தெருவில் இருந்த அந்தக் கடைகளில் சிலவற்றுக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருந்தது. கடைப் பணியாளர்களில் பலரும் வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் இழந்தவர்கள்.

அடுத்த ஆணையில் சேர வேண்டியவை

மரியாதை என்றால் பொன்னாடையும் பாராட்டுச் சான்றிதழும் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு நிவாரணத் திட்டத்தில் மரியாதைக்குத் தொகை ஒதுக்க முடியும் என்பதே என் கருத்து. ஏறத்தாழ 35,000 நியாயவிலைக் கடைகள், கடைக்கு இருவர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 70,000 பேர். காவலர்களுக்குக் கொடுத்ததைப் போல ஆளுக்கு 5,000 ரூபாய் என்றால் 35 கோடி ரூபாய். 2021-இன் முதல் தவணையான 4,153 கோடியில் இது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. நிதி இல்லை என்ற காரணம் இங்கே நிற்காது. கோப்பில் அவர்களுக்கென்று ஒரு பத்தி எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பதே காரணம்.

அந்தப் பத்தியில் ஊக்கத்தொகை மட்டும் இருந்தால் போதாது. ரொக்கம் வழங்கும் நாள்களில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்தோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ பணம் எண்ண ஒருவரை அனுப்பலாம். கூட்டுறவுத் துறைக்குள்ளேயே இருக்கும் ஆள்கள்தான் அவர்கள். பணி நேரத்தில் தொற்றாலோ விபத்தாலோ இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீடு எவ்வளவு என்பதை, நிவாரணத் தொகையை அறிவிக்கும் அதே ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்; இறந்த பின் குடும்பத்தார் மனுவோடு அலையும்படி விடக் கூடாது. கடையில் பெண் விற்பனையாளர்கள் எண்ணற்றோர் பணிபுரிகிறார்கள். கழிப்பறை இல்லாத கடையில் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இன்முகச் சேவையை எதிர்பார்ப்பது கொடுமை.

2025-இல் மின்னணுத் தராசையும் விற்பனை முனையக் கருவியையும் புளூடூத் வழியாக இணைத்து, எடை சரியாக இருந்தால்தான் பில் வரும் என்ற ஏற்பாடு கடைகளுக்கு வந்தது. அட்டைதாரருக்கு இது நல்ல பாதுகாப்பு, வரவேற்கிறேன். ஒருவருக்கு ஆகும் நேரம் கூடிவிட்டது என்று பணியாளர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கிடங்கிலிருந்து மூட்டை இறங்கும்போதும் அதே தராசில், அதே கண்டிப்போடு எடைபோட்டு ரசீது தர வேண்டும்.

சண்டைகளைப் பற்றி ஒரு யோசனை. நிவாரண நாள்களில் தகுதியில்லாத அட்டை, பட்டியலில் விடுபட்ட பெயர், மாறாத முகவரி என்று வருகிறவர்களைக் கடைக்காரரோடு வாதாட விடாமல், ஒரு வார்டுக்கோ நான்கைந்து கடைகளுக்கோ ஒரு வருவாய்த் துறை ஊழியரைக் கடை வாசலிலேயே தனி மேசை போட்டு உட்கார வைக்கலாம். மனுவை வாங்கி, எண் போட்டு, எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். ‘இல்லை’ என்று முடிவெடுத்த துறையே ‘இல்லை’ என்று சொல்லும் வேலையையும் ஏற்றுக்கொண்டால், மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டுக்கு ஒரு வழி கிடைக்கும். வரிசையில் அடுத்து நிற்பவருக்கு அரிசி போட விற்பனையாளருக்கு 72 விநாடியும் மிஞ்சும்.